தேய்ந்த பக்கம்: கியோத்தோவில் ஓர் இழைப்புளியும் ஒரு கிண்ணமும்

அக்டோபர் 20, இரவு, கியோத்தோ

கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, ஹருகா ரயில் பிடித்துக் கியோத்தோ வந்து சேர்ந்தாயிற்று. கால் வீங்கியிருக்கிறது. தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிறந்தது பண்ருட்டி. பிழைப்பு கோயம்புத்தூரில், லேத்துப் பட்டறையில் முப்பது வருஷம். பட்டறைக்காரன் பழைய கருவி சேர்ப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. கை துளைப்பான், திருகு பிடிப்பான், ஆசாரிகள் கைவிட்ட, மரம் சீவும் இழைப்புளி, வெள்ளைக்காரன் காலத்து அளவுகோல் என்று மாடி அறை நிறைந்துவிட்டது. அரக்குச் சாமான் பைத்தியம் பிடித்தது பிற்பாடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஒரு இழைப்புளிக்காகத் துழாவிக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு பர்மா வெற்றிலைப் பெட்டி தட்டுப்பட்டது. நகரத்தார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்து இறக்கிய வகை. மூங்கில் பின்னலின் மேல் பூச்சு. தூக்கினால் காற்றைத் தூக்குவது போல இருந்தது. இழைப்புளியை விட்டுவிட்டு அதை வாங்கிவந்தேன். அன்றிலிருந்து இரண்டு பைத்தியம்.

வீட்டில் போட்ட நிபந்தனை தெளிவானது. "ரெண்டு சாமானுக்கு மேல வாசப்படி தாண்டி வரக்கூடாது." ஆகவே ஒரு கருவி, ஒரு அரக்குக் கிண்ணம். அவ்வளவுதான்.

தேதி பார்த்துத்தான் வந்திருக்கிறேன். கியோத்தோவில் மாதா மாதம் 21ஆம் தேதி தோஜி கோயிலில் சந்தை, 25ஆம் தேதி கித்தானோ தென்மங்கு கோயிலில் சந்தை. நடுவில் உள்ள நாட்களில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிடலாம். நாளைக்கு என் அக்கா மகன் லீவு போட்டுவிட்டு ஒசாகாவிலிருந்து வருகிறான், மொழிபெயர்க்க.

அக்டோபர் 21, தோஜி

காலை ஆறு மணிக்கே போய்விட்டோம். ரயில் நிலையத்திலிருந்து தென்மேற்கே கால்மணி நேர நடை. ஐந்தடுக்குக் கோபுரம் தூரத்திலேயே தெரிகிறது. ஏறக்குறைய 55 மீட்டர், முழுக்க மரம். பலமுறை எரிந்து, இப்போது நிற்பது 1644இல் எழுந்தது. கோயில் 796இல் தொடங்கியது. கூக்காய் என்ற துறவி, கோபோ தாய்ஷி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள், 835ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் 21ஆம் நாள் மறைந்தார். அந்த நாளை வைத்து மாதந்தோறும் கூட்டம் கூடி, கூட்டத்தைத் தேடிக் கடை வந்து, இன்றைக்கு ஆயிரம் கடை. சந்தைக்குப் பெயரே "கோபோ-சான்". நம் ஊரில் ஆடி அமாவாசைக்குக் கோயில் வாசலில் கடை விரிகிற அதே கணக்கு.

முதலில் ஊறுகாய், பூச்செடி, பழைய கிமோனோ. கருவிக் கடைகள் ஓரத்தில் நீலத் தார்ப்பாயில் கிடந்தன. ரம்பங்கள் விறகு மாதிரி கட்டி வைக்கப்பட்டிருந்தன. இழைப்புளிகள் செங்கல் அடுக்கியது போல.

"மாமா, எல்லாரும் ஜப்பான் வந்தா கேமரா வாங்குவாங்க. நீங்க துருப்பிடிச்ச இரும்பத் தேடுறீங்க" என்றான் மருமகன்.

"துரு மேலதான்டா இருக்கு" என்றேன். பல சமயம் அது பொய்தான். ஆனால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பானிய இழைப்புளிக்கு 'கன்னா' என்று பெயர். நம்முடையதுபோல முன்னால் தள்ளுவதில்லை, தன் பக்கம் இழுக்கிறார்கள். கைப்பிடி கிடையாது, ஆப்பு கிடையாது, திருகு கிடையாது. ஒரு வெள்ளை ஓக் கட்டை, அதில் சரிவாக வெட்டிய பள்ளம், அதில் இறுகி நிற்கும் தடித்த அலகு. அலகே ஆப்பு வடிவில் இருப்பதால் தானே இறுகிக்கொள்ளும். அலகு கீழே இறங்க வேண்டுமானால் அதன் தலையில் ஒரு தட்டு. மேலே ஏற வேண்டுமானால் கட்டையின் பின்புறத்தில் ஒரு தட்டு. முப்பது வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்தவன் நான். சுத்தியல் தட்டில் தலைமுடிக்கும் குறைவான கனத்தைச் சரிசெய்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்குச் சில காலம் ஆனது.

நாற்பது ஐம்பது இழைப்புளி எடுத்துப் பார்த்திருப்பேன். பழைய கருவி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது தேய்மானம். தேயாத பழைய கருவி என்றால் ஒன்று அது நல்ல கருவியாக இருக்காது, அல்லது வாங்கியவனுக்கு வேலை இருந்திருக்காது. அதே சமயம் எங்கே தேய்ந்தது என்பதுதான் முக்கியம். அலகின் தலை காளான் குடைபோல விரிந்து மடங்கியிருந்தால், கண்டபடி இரும்புச் சுத்தியலால் அடித்தவன் கையில் இருந்தது என்று அர்த்தம். அதைத் தொடுவதில்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அலகு அகலம் சுமார் ஏழு சென்டிமீட்டர், தீட்டித் தீட்டி நீளத்தில் பாதிதான் மிச்சம். வலது கை பிடிக்கும் இடத்தில் கட்டை கறுத்து, உள்ளங்கை அளவுக்கு மழமழவென்று குழிந்திருந்தது. திருப்பினேன். அடிப்பக்கம் அலகு வெளியே எட்டிப் பார்க்கும் வாய்க்கு முன்னால், ஒரு விரல் அகலத்துக்கு வேறு மரத் துண்டு பதித்திருந்தது. அடிப்பக்கத்தைச் சமன் செய்யச் செய்ய வாய் அகலமாகிவிடும்; வாய் அகலமானால் சீவல் கிழியும். புதுக் கட்டை வாங்காமல், உரிமையாளர் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து வேறு துண்டைச் செருகியிருக்கிறார். இணைப்பில் நகம் போகவில்லை. எந்த ஆசாரியோ, எந்த ஊரோ. அந்தத் துண்டுக்காகவே வாங்கினேன்.

கடைக்காரர் 4,000 யென் என்றார். மருமகன் ஏதோ பேசினான், 3,500க்கு வந்தது. கொடுக்கும் முன் அவர் கட்டையின் பின்புறத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். அலகு தளர்ந்து வெளியே வந்ததை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். விளிம்பில் இரண்டு நிற இரும்பு. மேலே மெல்லிய கடின எஃகு, கீழே தடித்த மெது இரும்பு, இரண்டையும் நெருப்பில் ஒட்ட அடித்தது.

அப்புறம் ஒரு கடிகாரம். ஆளை நிறுத்திவிட்டது. அகலம் ஒரு சாண்கூட இல்லாத மரப்பெட்டி, தூணில் தொங்கவிடுவது. முகம் இல்லை, முள் சுற்றுவது இல்லை. எடைக்கல் கயிற்றில் மெல்லக் கீழே இறங்குகிறது. அந்தக் கல்லோடு சேர்ந்த முள், பக்கத்தில் உள்ள அளவுகோலில் மணியைக் காட்டுகிறது. ஜப்பானின் பழைய எடோ ஆட்சிக் காலத்து மணிக்கணக்கு விசித்திரமானது. விடியலிலிருந்து அந்திவரை ஆறு பங்கு, அந்தியிலிருந்து விடியல்வரை ஆறு பங்கு. கோடையில் பகல் மணி நீளும், குளிரில் சுருங்கும். நம் நாழிகை எந்தப் பருவத்திலும் 24 நிமிஷம்தான், இவர்களுடையது ரப்பர். அதனால் அளவுகோலில் உள்ள மணிக் குறிகளைப் பருவத்துக்கு ஏற்ப நகர்த்திவைக்க வேண்டும். எண்ணிக்கையும் தலைகீழ்: நடுப்பகல் ஒன்பது, பிறகு எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மறுபடி நள்ளிரவு ஒன்பது. மாலைச் சிற்றுண்டியை இன்றும் 'ஒயத்சு' என்கிறார்கள். எட்டாம் மணித் தின்பண்டம் என்று அர்த்தம். 1873இல் மேற்கத்திய நேரத்துக்கு மாறியதும் இந்தக் கடிகாரங்கள் ஒரே நாளில் பொம்மையாகிவிட்டன. விலைச் சீட்டில் ஆறு இலக்கம். கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு பெட்டி நிறைய கிண்ணங்கள். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. ஒன்று 800 யென். பளபளப்பு, எடையும் லேசு. கை சும்மா இருக்கவில்லை. ஒரு கருவி, ஒரு அரக்கு. முதல் நாளே கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 22, கோபே

இன்று கியோத்தோவில் ஜிதாய் மத்சுரி, பழங்கால உடையில் பெரிய ஊர்வலம். ஊரே அங்கே போகிறது. நான் எதிர்த்திசையில் ரயில் ஏறிவிட்டேன். ஷின்-கோபே நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தகெனகா தச்சுக் கருவி அருங்காட்சியகம். 1984இல் தொடங்கி, 2014இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. முப்பதாயிரத்துக்கு மேல் கருவி சேர்த்திருக்கிறார்கள். என் மாடி அறையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஒரு சுவர் முழுக்க 179 கருவி. 1943இல் தோக்கியோவில் எடுத்த ஒரு கணக்கு: ஒரு முழுமையான தச்சர் எல்லா வேலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டியவை இவ்வளவு. உளி மட்டுமே ஒரு பட்டாளம். போர் நடுவில் உட்கார்ந்து உளி எண்ணியிருக்கிறார்கள்.

இழுக்கும் ரம்பத்துக்குக் காரணம் இங்கே நன்றாகப் புரிந்தது. தள்ளினால் தகடு நெளியும், ஆகவே தடிமன் வேண்டும். இழுக்கும்போது தகடு விறைத்து நேராகும், ஆகவே மெல்லியதாக அடிக்கலாம். மெல்லியதென்றால் வெட்டு குறுகல், தூள் குறைவு, கைவலி குறைவு. பட்டறையில் எத்தனையோ முறை ஹாக்சா பிளேடை உடைத்திருக்கிறேன், யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

இழைப்புளியும் இங்கே ஆதிகாலத்துச் சொத்து இல்லை. கட்டையுள்ள இழைப்புளி சீனாவிலிருந்து வந்து பரவியது பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளில். அதற்கு முன்னால் 'யாரிகன்னா', ஈட்டி முனைபோல நீண்ட கம்பில் ஒரு வளைந்த அலகு. கோயில் தூண்களை அதனால்தான் சீவினார்கள். பிறகு அந்தக் கருவியே வழக்கொழிந்து, ஹோர்யூஜி கோயில் தச்சர் நிஷியோகா த்சுனெகசு (1908–1995) அதை மீட்டெடுத்தார். அது சீவிய பலகையைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். சமமாக இல்லை, குளத்தில் காற்றடித்தால் வரும் அலை மாதிரி. கை எடுக்க மனம் வரவில்லை.

சியோசுரு கொரெஹிதே (1874–1957) செய்த அலகுகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. வாள் கொல்லர் மரபு. 1876இல் வாள் கட்டக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டதும் நாட்டில் எத்தனையோ வாள் கொல்லர்களுக்கு வேலை போயிற்று. கை மட்டும் மிச்சம். அந்தக் கை உளிக்கும் இழைப்புளிக்கும் வந்தது. எஃகை மெது இரும்போடு ஒட்டி அடிக்கிற அந்த வித்தைதான், நேற்று நான் 3,500 யென்னுக்கு வாங்கிய அலகிலும் இருக்கிறது. ரக வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும், அது வேறு.

சுமித்சுபோ என்கிற மைக்கூடுகள் ஓர் அலமாரி நிறைய. பஞ்சில் மை, சக்கரத்தில் நூல், இழுத்து விட்டால் மரத்தில் கோடு. நம் ஆசாரி செம்மண் தடவிய எற்றுநூலால் அடிக்கிற அதே வேலைக்கு, ஆமை, கொக்கு என்றெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குச் செதுக்காததுதான் பிடித்தது.

மாலையில் விடுதி அறையில் அலகைத் தீட்டிப் பார்த்தேன். கல் வாங்கி வந்திருந்தேன். துரு உண்மையிலேயே மேலாகத்தான் இருந்தது. மருமகனுக்குப் படம் அனுப்பினேன்.

அக்டோபர் 23, யமனகா

நீண்ட நாள், நீளமாகவே எழுதுகிறேன்.

கியோத்தோவிலிருந்து தண்டர்பேர்ட் ரயிலில் த்சுருகா, அங்கே ஷின்கன்சென் என்ற அதிவேக ரயிலுக்கு மாறிக் காகா ஒன்சென். 2024 மார்ச்சில் ஷின்கன்சென் பாதை த்சுருகாவரை நீண்டதிலிருந்து இந்த மாறுதல் கட்டாயம். அங்கிருந்து பேருந்தில் யமனகா. வெந்நீர் ஊற்று ஊர், மலை இடுக்கு, ஆறு. இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கு: கட்டைக்கு யமனகா, பூச்சுக்கு வஜிமா, பொன் தூவலுக்குக் கனசாவா. லேத்துக்காரன் எங்கே போவான்? கட்டைக்குத்தான்.

முன்கூட்டிக் கேட்டு வைத்திருந்த ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். மருமகனுக்கு ஆபீஸ், ஆகவே போனில் மொழிபெயர்ப்புச் செயலிதான் துணை. பட்டறைக்காரருக்கு என் வயது இருக்கும். நான் என் விரலில் உள்ள பழைய லேத்துத் தழும்பைக் காட்டினேன். அவர் தன் கட்டை விரலைக் காட்டினார். அதற்குப் பிறகு செயலி அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

மரத்தை வெட்டும் விதத்திலேயே இந்த ஊர் வேறு. பல ஊர்களில் பலகையாக அறுத்து அதிலிருந்து கிண்ணம் எடுப்பார்கள். இங்கே தண்டைக் குறுக்காகத் துண்டு போட்டு, மரம் நின்றபடியே கிண்ணத்தையும் நிற்கவைத்துக் கடைகிறார்கள். அப்படிச் செய்தால் உருக்குலைவது குறைவு, ஆகவே மெல்லியதாகக் கடையலாம். முதலில் தடியாகக் கடைந்து, மாதக்கணக்கில் உலர்த்தி, பிறகு முடிப்புக் கடைசல்.

கடைசல் உளிகள் எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டேன். மூலையைக் காட்டினார். சின்ன உலை, பட்டடைக்கல், சுத்தியல். உளியை அவரவரே அடித்துக்கொள்ள வேண்டுமாம். கடைசல்காரர் பாதி கொல்லர். சுவரில் நாற்பதுக்கு மேல் தொங்கின, ஒன்றுபோல் ஒன்று இல்லை. நுனி கொக்கிபோல வளைந்தது, நாக்குபோல நீண்டது. அதில் ஒன்றை எடுத்து, சுழலும் கிண்ணத்தின் மேல் வைத்தார். முடி கனத்தில் ஒரு கோடு, அடுத்தது, அடுத்தது. அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிமிஷத்துக்குள் கிண்ணத்தின் பாதி மேல் கிராமபோன் தட்டு மாதிரி வரி. பட்டறை வாழ்க்கையில் திருகு வெட்ட எத்தனை பற்சக்கரம் மாற்றியிருப்பேன்.

மோட்டார் வரும் முன் இருந்த லேத்து ஒன்றையும் ஓரத்தில் வைத்திருந்தார். அச்சில் கயிறு சுற்றியிருக்கும். ஒருவர் இரு முனையையும் மாற்றி மாற்றி இழுப்பார், அச்சு முன்னும் பின்னும் சுழலும், மற்றவர் உளி பிடிப்பார். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்களைச் செயலியில் விளக்கினேன். அங்கே சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உராய்ந்த சூட்டில் உருகி ஒட்டும், தாழை ஓலையால் மினுக்குவார்கள். "சூட்டில் உருகுமா?" என்று வியந்தார். அவருடைய அரக்கு சூட்டில் உருகாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அரக்கு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகை, தபால் ஆபீஸ் முத்திரை. அது பூச்சி சுரக்கும் பிசின், தீ பட்டால் உருகும். ஜப்பானின் அரக்கான உருஷி, ஒரு மரத்தின் பால். ரப்பர்போல மரத்தைக் கீறி எடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் வளர்த்த மரம் ஒரு பருவத்தில் சுமார் 200 கிராம் கொடுக்கும். பிறகு மரத்தை வெட்டிவிடுவார்கள். ஒரு டம்ளருக்கு ஒரு மரம். உள்நாட்டு உருஷியில் பெரும் பங்கு வடக்கே இவாத்தே மாவட்டத்து ஜோபோஜியிலிருந்து வருகிறது, ஆனால் நாட்டின் மொத்தத் தேவைக்கு அது கொசுறு. மீதி பெரும்பாலும் சீனாவிலிருந்து.

அந்த மரம் நம் மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பம். வண்ணார் துணியில் குறி போடுவாரே, அந்தச் சேங்கொட்டை. பச்சையாகத் தோலில் பட்டால் வெந்துபோகும். காய்ந்துவிட்டால் அப்பிராணி.

கடைசல்காரர் என்னை இரண்டு தெரு தள்ளியிருந்த பூச்சுக்காரம்மாவிடம் கூட்டிப்போனார். அறுபது தாண்டியவர். அறை அவ்வளவு சுத்தம். எனக்குச் சட்டையை உதறிவிட்டு உள்ளே போக வேண்டும்போல இருந்தது. ஒரு தூசி விழுந்தாலும் பூச்சு கெட்டது. விழுந்த தூசியை இறகுத் தண்டின் நுனியால் தொட்டு எடுக்கிறார்.

தூரிகையைக் கையில் கொடுத்தார். பெண்களின் தலைமுடி. மெல்லிய மரத் தகடுகளுக்கு நடுவே, பென்சிலில் ஈயம் ஓடுவதுபோல, முடி நெடுகிலும் ஓடுகிறது. நுனி தேய்ந்தால் மரத்தைச் சீவிப் புது நுனி எடுத்துக்கொள்ள வேண்டியது. அவருடையது கால்வாசிதான் மிச்சம்; மாமியார் காலத்தில் வாங்கியதாம். அதையும் ஒரு கருவியாகக் கேட்டு வாங்கிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கேட்கவில்லை, நல்லவேளை.

பூசிய கிண்ணங்களை ஒரு மர அலமாரியில் வைத்தார். "கிண்ணங்கள் குளிக்கின்றன" என்றது செயலி. தவறில்லை, அந்த அலமாரிக்கு அவர்கள் வைத்த பெயரே குளியல்தான். உள்ளே ஈரம் தெளித்து வைத்திருக்கிறார். நம் ஊரில் மழை வந்தால் அப்பளம் காயாது. இங்கே ஈரம் இல்லாவிட்டால் உருஷி காயாது. தண்ணீர் வற்றிக் காய்வதில்லை இது. பாலுக்குள் இருக்கும் ஒரு நொதி, ஈரக்காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிப் பாலை இறுக வைக்கிறது. 70, 80 சதவீத ஈரப்பதம், இதமான வெப்பம், அதுதான் அதற்குச் சுகம். சென்னை மாதிரி.

சரி, என் 800 யென் கிண்ணத்தைப் பெருமையாக எடுத்து வைத்தேன். அவர் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அங்கே விரலை வைத்து, ஒரே சொல் சொன்னார்: "கஷ்யூ."

செயலி "முந்திரி" என்றது. செயலி உளறுகிறது என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் முந்திரி.

விஷயம் இதுதான். போருக்குப் பிறகு ஜப்பானில், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து உருஷிக்கு மாற்றாக ஒரு பூச்சு கண்டுபிடித்தார்கள். அலமாரிக் குளியல் வேண்டாம், விலையும் கொஞ்சம். என் கிண்ணத்தின் உடம்பும் மரம் இல்லை, மரத்தூளையும் பிசினையும் அச்சில் அழுத்தியது. பண்ருட்டியிலிருந்து ஆகாயமார்க்கமாக வந்து முந்திரி எண்ணெய் வாங்கியிருக்கிறேன்.

அவர் கேலி செய்யவில்லை. இந்த ஊரிலேயே பிளாஸ்டிக் கிண்ணம்தான் மலைமலையாகச் செய்கிறோம், அதனால்தான் ஊர் பிழைக்கிறது என்றார். புதுச் சாமான் என்றால் கீழே சீட்டைப் படி, உடம்பு எது, பூச்சு எது என்று எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். பழையது என்றால் தேய்ந்த இடத்தைப் பார் என்றார். இழைப்புளிக்கு நான் செய்வதைக் கிண்ணத்துக்குச் செய்யவில்லை. பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன்.

கிளம்பும் முன் ஒரு பழைய பலகையில் பூசிப் பார்க்கச் சொன்னார். கையுறை கொடுத்தார். மணிக்கட்டில் ஒரு சொட்டு பட்டுவிட்டது. பதறி, எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடச் சொன்னார். நான் சிரித்தேன். சின்ன வயசில் முந்திரிக்கொட்டையைப் பல்லால் கடித்து உதடு வெந்து இரண்டு நாள் கஞ்சி குடித்தவன், இதெல்லாம் எனக்குப் பழக்கம் என்று செயலியில் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 24, கனசாவா

மழை. சுருக்கமாக முடிக்கிறேன்.

நாட்டின் பொன் தகட்டில் ஏறக்குறைய முழுவதும் இந்த ஊரில் அடிக்கிறார்கள். ஐஸ்கிரீம் மேல்கூட ஒட்டித் தருகிறார்கள். வேண்டாம் என்றேன்.

ஒரு கடையில் வஜிமா கிண்ணம் செய்யும் படிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வெறுங்கட்டை, விளிம்பிலும் அடியிலும் துணி ஒட்டியது, சுட்ட மண்பொடி கலந்த அடிப்பூச்சு, மேலும் பூச்சு, தேய்ப்பு, பூச்சு, தேய்ப்பு. படிகள் நூறைத் தாண்டும். உடையக்கூடிய இடத்துக்குத் துணி. அந்த மண் வஜிமாவிலேயே கிடைப்பது. வெளியில் தெரிவது கடைசிப் பூச்சு ஒன்றுதான்.

2024 ஜனவரி 1, புத்தாண்டு நாளில், வஜிமா இருக்கும் நோத்தோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலநடுக்கம். வஜிமாவின் காலைச் சந்தைத் தெரு தீப்பிடித்து, இருநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. எத்தனையோ பூச்சுப் பட்டறைகள் இடிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் மழை வெள்ளம். கடைக்காரப் பெண் ஒரு கிண்ணத்தை எடுத்து என் கையில் வைத்தார். இடிபாட்டிலிருந்து எடுத்தது, கழுவினோம், ஒன்றும் ஆகவில்லை என்றார். விற்பதற்கு இல்லையாம். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

புதியவற்றின் விலை என் கைக்கு எட்டவில்லை. இரவு ரயிலில் கியோத்தோ. மணிக்கட்டில் கொசு கடித்திருக்கிறது போல, அரிக்கிறது.

அக்டோபர் 25, கித்தானோ தென்மங்கு

கொசு இல்லை. காலையில் எழுந்தால் மணிக்கட்டு சிவந்து, வளையல் போட்டதுபோலப் பொடிப்பொடியாகக் கொப்புளம். வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"என்னங்க இது, முந்திரிக் கொட்டை சுட்ட மாதிரி இருக்கு?"

பண்ருட்டிப் பெண் சரியாகத்தான் சொல்லிவிட்டாள். ஒரு முறை உடம்பு இந்தக் குடும்பத்துப் பாலோடு சண்டை போட்டிருந்தால், அடுத்த முறை ஒன்றிரண்டு நாளிலேயே சண்டைக்குத் தயாராகிவிடும். அன்று உதட்டில் ஆரம்பித்தது, ஐம்பது வருஷம் கழித்து மணிக்கட்டில். எனக்குப் பழக்கம் என்று பீற்றிக்கொண்டதுதான் காரணமே. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள். கியோத்தோவில் காலை ஆறு மணிக்குத் தேங்காய் எண்ணெய்க்கு எங்கே போக? முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுச் சந்தைக்குக் கிளம்பினேன்.

தென்மங்கு, சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞருக்கான கோயில். பிறந்ததும் 25, இறந்ததும் 25 (903இல்), அதனால் சந்தையும் 25. பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் வந்து கல் எருதின் தலையைத் தடவுகிறார்கள். தடவித் தடவித் தலை மட்டும் பளிங்குபோல. இன்றைக்கு எனக்கு எங்கு பார்த்தாலும் தேய்மானம்தான் கண்ணில் படுகிறது.

நெகோரோ வகைக் கிண்ணம் ஒன்று தேடினேன். கறுப்புப் பூச்சுக்கு மேல் சிவப்பு. பல வருஷம் புழங்கப் புழங்கச் சிவப்பு தேய்ந்து கறுப்பு எட்டிப் பார்க்கும். வகயாமாவில் உள்ள நெகோரோஜி மடத்துப் பெயர். அந்த மடத்தை 1585இல் தொயோத்தோமி ஹிதெயோஷி எரித்தார். அதே மனிதர் இரண்டு வருஷம் கழித்து, 1587இல், இதே தென்மங்கு வளாகத்தில் ஊரையே கூட்டித் தேநீர் விருந்து வைத்தார். அந்த இடத்தில் நெகோரோ தேடிக்கொண்டு நிற்கிறேன்.

தேய்ந்தால் அழகு என்று ஆனபிறகு, தேய்த்தே விற்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் கடையில் எடுத்தது அப்படி. கறுப்பு சுற்றிலும் ஒரே சீராகத் தெரிந்தது, உப்புத்தாள் போட்டதுபோல. ஒரு கிண்ணத்தை எல்லாப் பக்கமும் சமமாக யாரும் பிடிக்க மாட்டார்கள். வாய் படுவது ஒரே பக்கம், கட்டைவிரல் அதற்கு எதிரே. வைத்துவிட்டேன்.

பத்து மணிக்கு மேல் ஒரு கிழவர் கடையில் ஐந்து கிண்ணம் அடுக்காக இருந்தது. நான்கு நன்றாக இருந்தன. ஐந்தாவதில் விளிம்பின் ஒரு பக்கம், மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் சிவப்பு மறைந்து கறுப்பு. கவிழ்த்தேன். கால் வளையத்தின் அடி முழுக்கக் கறுப்பு, ஓரிடத்தில் கறுப்பும் போய்த் துணியின் நெசவு தெரிந்தது. உள்ளே அடிப்பகுதியில் கரண்டியோ குச்சியோ பட்ட கீறல், ஒரே திசையில். யாரோ ஒருவர் தினமும் ஒரே கையில் எடுத்து, ஒரே பக்கத்தில் வாய் வைத்துக் குடித்திருக்கிறார். கடைக்காரர் நூறு வருஷம் என்றார். அவர் கணக்கு. பழைய மடத்துச் சாமான் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அது மட்டும் 5,000 யென், நல்ல நான்கும் சேர்த்து என்றால் குறைத்துத் தருவதாகச் சொன்னார். வீட்டு வாசப்படி ஞாபகம் வந்தது. ஐந்தாவதை மட்டும் காட்டினேன். ஏன் உடைந்ததை எடுக்கிறாய் என்பதுபோலப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளில் சுற்றினார்.

முந்திரிக் கிண்ணம் கணக்கில் சேராது, அதில் பயணத்தில் தேநீர் குடிக்கிறேன், ஆகவே அது பாத்திரம் என்று வீட்டில் வாதாடப்போகிறேன்.

அரிப்பு தாங்கவில்லை. இமதெகாவா சாலையில் ஒரு மருந்துக்கடைக்குள் போய்ச் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என் பையிலிருந்து செய்தித்தாளை மீறி எட்டிப்பார்த்த சிவப்பு விளிம்பைப் பார்த்தார்.

"உருஷி?"

"ஹாய்" என்றேன். ஆமாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல்.

களிம்பை எடுத்துக் கொடுத்தார், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று விரலால் காட்டினார். அப்புறம் கிண்ணத்தைச் சுட்டி, தொடாதே என்று கையை ஆட்டினார். அது பாவம், காய்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று, சண்டை அதோடு இல்லை என்று சொல்லப் பார்த்தேன். போனில் சார்ஜ் இல்லை. மறுபடியும் "ஹாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.